பசி ஓய்ந்த பிறகு: எடை குறைப்பு ஊசி தொடங்கப் போகிறவர்களுக்கு

எடை குறைப்பு ஊசி போடுகிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள். எத்தனை கிலோ குறைந்தது? வலிக்குமா? இரண்டாவதை இங்கேயே முடித்துவிடலாம். பேனா வடிவத்தில் ஒரு கருவி, அதில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய ஊசி. வயிறு, தொடை, மேல்கை என்று ஏதாவது ஓரிடத்தில் தோலுக்கு அடியில் போட வேண்டும். வயிறு என்றால் தொப்புளைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் விட்டுப் போடுங்கள். போன வாரம் குத்திய அதே இடத்தில் இந்த வாரமும் குத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டிப் பழகியவர்களுக்கு இந்த வலி ஒரு பொருட்டே இல்லை.

கிலோ கணக்குக்குப் பிறகு வருகிறேன். யாரும் கேட்காத, ஆனால் தொடங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் வேறு. இந்த மருந்து பசியை அடக்கிவிடும். பசி இத்தனை வருஷமாக நமக்காக என்னவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது என்பது அது ஓய்ந்த பிறகுதான் புரியும். எப்போது சாப்பிடணும், எவ்வளவு சாப்பிடணும் என்று சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். தாகம்கூடப் பலருக்கு இதோடு சேர்ந்து மங்கிவிடுகிறது. இனி அந்த வேலையை நாமேதான் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் ஊசி போடுவதைவிடக் கடினமான பாதி இதுதான்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நாம் சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. போதும் என்று மூளைக்குச் சொல்வது, இரைப்பை காலியாவதை மெதுவாக்குவது, ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது இன்சுலினைத் தூண்டுவது எல்லாம் அதன் வேலை. இயற்கையாகச் சுரப்பது ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். நான் போடும் செமாகுளூட்டைட் அதே வேலையைச் செய்யும், ஆனால் உடம்பில் தங்கும். போட்டதில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரத்துக்கு ஒரு ஊசி போதும் என்பதற்கு அதுதான் காரணம். குமட்டல் வந்தால் மறுநாளே போய்விடும் என்று எதிர்பார்க்க முடியாததற்கும் அதுதான் காரணம். டிர்செப்படைட் என்ற மருந்து இதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இவற்றுக்கு முந்தையது லிராகுளூட்டைட். அதைத் தினமும் போட வேண்டும்.

முதல் நாள் டாக்டர் உயரம், எடை பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்துப் போனேன். அவர் கேள்வியாகவே கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் வந்திருக்கிறதா? கணையத்தில் எப்போதாவது அழற்சி? பித்தப்பைக் கல்? சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போடுகிறீர்களா? கண்ணில் விழித்திரைப் பிரச்சினை? குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா? ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இந்த மருந்துகளே கூடாது. கர்ப்பத்தில் கூடாது, செமாகுளூட்டைட் என்றால் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இதுவும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம், அதனால் அவற்றின் அளவைக் குறைக்க வேண்டி வரும். டிர்செப்படைட் போடும் பெண்களுக்கு இன்னொன்று: கருத்தடை மாத்திரை வயிற்றிலிருந்து சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். தொடங்கிய நான்கு வாரமும், டோஸ் ஏற்றும் ஒவ்வொரு தடவை நான்கு வாரமும் வேறு தடுப்பும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இதையெல்லாம் கேட்காமல், நான்கு வரிப் படிவத்தை மட்டும் நிரப்பச் சொல்லி ஊசியை அனுப்பி வைக்கிற இடங்களை நான் நம்ப மாட்டேன்.

அடுத்தது டோஸ். தெரிந்தவர்கள் பலர் அவசரப்படுவது இங்கேதான். எடை குறைப்புக்கான செமாகுளூட்டைட் 0.25 மி.கி.யில் தொடங்குகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று ஏறி வழக்கமாக 2.4 வரை போகும். டிர்செப்படைட் 2.5-ல் தொடங்கி, குறைந்தது நான்கு வார இடைவெளியில் 2.5 மி.கி. வீதம் ஏறும், உச்சம் 15. முதல் டோஸ் எடையைக் குறைப்பதற்கே இல்லை. வயிறும் குடலும் பழகுவதற்காகத்தான். ஆகவே முதல் மாதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பதற வேண்டாம், உங்களுக்கு மருந்து வேலை செய்யாது என்று முடிவுகட்டவும் வேண்டாம். சிலருக்கு அந்தச் சின்ன டோஸிலேயே பசி அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. 0.5-க்குப் போன பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

1 மி.கி.க்கு ஏறியதும் குமட்டல் என்னைப் போட்டுப் புரட்டியது. அடுத்த படிக்குப் போக வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "இந்த டோஸ்லயே எடை இறங்குதுங்களா? அப்ப எதுக்கு அடுத்ததுக்கு ஓடணும்? இன்னும் ஒரு மாசம் இதுலயே இருங்க." இருந்தேன். குமட்டல் தணிந்தது, எடையும் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. உச்ச டோஸைத் தொட்டவருக்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை. பசியும் அடங்கி, எடையும் இறங்கி, அன்றாட வேலையும் ஓடுகிற அளவு எதுவோ அதுதான் உங்கள் டோஸ். பக்கத்து வீட்டுக்காரர் எந்த அளவில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தேவையே இல்லாத தகவல்.

பசி அடங்குவது எப்படி இருக்கும் என்று முன்கூட்டி யாரும் எனக்குச் சொல்லவில்லை. வயிறு நிறைந்திருப்பது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அடங்கியது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பேச்சு. அடுத்து என்ன சாப்பிடலாம், சாப்பிடலாமா வேண்டாமா, சாப்பிட்டுவிட்டோமே என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனது. சமையலறையைக் கடக்கும்போது கை தானாக டப்பாவைத் திறப்பதும் நின்றது. இத்தனை வருஷமாக மனஉறுதி இல்லாதவர் என்று பேர் வாங்கியவர்களுக்கு இது பெரிய ஆறுதல், கொஞ்சம் கோபமும் வரும். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. சலிப்பையும் எரிச்சலையும் சாப்பாட்டால் ஆற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சலிப்பும் எரிச்சலும் அப்படியே இருக்கும், ஆற்றும் வழி மட்டும் அடைபட்டுவிடும். நான் சாயங்காலங்களில் என்ன செய்வதென்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். மனச்சோர்வு வரலாறு உள்ளவர்கள் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பசி இல்லாததால் சாப்பிடாமலே இருந்துவிடலாமே, சீக்கிரம் குறையுமே என்று தோன்றும். தோன்றாதவர்களே இல்லை. ஆனால் எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்துதான் இறங்குகிறது, அதுவும் கணிசமாக. சரியாகச் சாப்பிடாமல் கிடந்தால் அந்தப் பங்கு கூடும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தேன். தட்டில் புரதம் எதுவோ அதை முதலில், மற்றதெல்லாம் பிறகு. பாதியில் வயிறு போதும் என்றாலும் தேவையானது உள்ளே போயிருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவுக்காவது புரதம் சேரட்டும் என்று எனக்குச் சொன்னார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களாகப் பிடித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். வாரத்தில் சில நாளாவது தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சியும் வேண்டும். நடை நல்லதுதான், ஆனால் தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. தண்ணீரும் அப்படியே: பாட்டிலை எதிரில் வைத்து, தாகம் வருகிறதா என்று பார்க்காமல் குடித்தேன்.

குமட்டலுக்கு என்னிடம் மந்திரம் எதுவும் இல்லை. சிறிய அளவாகச் சாப்பிடுவது, மெதுவாகச் சாப்பிடுவது, வயிறு நிறைகிறது என்ற முதல் அறிகுறியிலேயே எழுந்துவிடுவது, எண்ணெயில் பொரித்ததைக் குறைப்பது, சாப்பிட்ட உடனே படுக்காமல் இருப்பது. எழுந்துவிடுவதுதான் இதில் கஷ்டம். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பெரிய போராட்டம். முன்பு சாதாரணமாக இறங்கிய அளவு இப்போது மணிக்கணக்கில் நெஞ்சிலேயே நிற்கும், எதுக்களிக்கும். இரைப்பை மெதுவாக நகர்கிறது என்பதை மறக்காதீர்கள். மலச்சிக்கலைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. என்னைக் குமட்டலைவிட அதிகம் படுத்தியது அதுதான். தண்ணீர், நார்ச்சத்து, நடை மூன்றையும் முதல் வாரத்திலிருந்தே தொடங்குங்கள். போதவில்லை என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்கக் கூடாதவையும் உண்டு. மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை போகிற, விடாத கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலியும் காய்ச்சலும், கண்ணில் மஞ்சளும் தெரிந்தால் பித்தப்பை. தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தால் நீர் வற்றி சிறுநீரகம் பாதிக்கப்படும். இந்த மூன்றுக்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த ஊசியையும் டாக்டர் பார்க்கும்வரை போடக் கூடாது. இதற்குக் கீழே இன்னொன்று, ஆபத்தில்லாதது: சில மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டலாம். எடை வேகமாக இறங்கினால் நடப்பதுதான், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

எனக்கு எதிர்பாராமல் வந்தது தலைச்சுற்றல். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. ரத்த அழுத்தம் பார்த்தால் நன்றாக இறங்கியிருந்தது. எடை குறைந்ததோடு அழுத்தமும் தானாகக் குறைந்துவிட்டது, நான் பழைய அளவு மாத்திரையையே எடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அதைக் குறைத்தார், சரியாகிவிட்டது. அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இப்போது கிலோ. 2021-ல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். 68 வாரத்தில் 2.4 மி.கி. செமாகுளூட்டைட் போட்டவர்கள் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்டவர்கள் 2.4 சதவீதம். 2022-ல் வெளியான சர்மவுண்ட் 1 ஆய்வில் 15 மி.கி. டிர்செப்படைட் போட்டவர்களுக்கு 72 வாரத்தில் சராசரி 20.9 சதவீதம். இந்தச் சராசரிகளுக்கு அடியில் இருப்பதையும் பாருங்கள். ஸ்டெப் 1-ல் மருந்து போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தார். நூற்றுக்குப் பதினான்கு பேர்போல 5 சதவீதம்கூடக் குறையவில்லை. இரண்டு கூட்டமும் போட்டது ஒரே மருந்து. அதனால்தான் எத்தனை கிலோ என்று கேட்பவர்களுக்கு என் எண்ணைச் சொல்வதில்லை. ஒன்று அவர்களுக்குப் பொறாமை வரும், இல்லையென்றால் பொய் நம்பிக்கை வரும். நான் இடுப்பளவையும் ரத்த அழுத்தத்தையும்தான் எழுதி வருகிறேன். எடை இயந்திரம் சில வாரம் அசையாமல் நிற்கும். அப்போதும் இடுப்பளவு இறங்கிக்கொண்டிருக்கலாம்.

சில நடைமுறைச் சங்கதிகள். திறக்காத பேனாவை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவே கூடாது. உறைந்ததைக் குப்பையில் போடுங்கள். ஒரு வாரம் தவறவிட்டால் என்ன செய்வது என்பது மருந்துக்கு மருந்து மாறும். எடை குறைப்புக்கான செமாகுளூட்டைடில், அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் போடலாம், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். டிர்செப்படைடில் தவறிய நாளிலிருந்து நான்கு நாளுக்குள் போடலாம். இரண்டு டோஸைச் சேர்த்துப் போடுவது எதிலும் கிடையாது. ஒருவர் பேனாவை இன்னொருவர், ஊசியை மாற்றினாலும்கூட, பயன்படுத்தக் கூடாது. மயக்க மருந்து கொடுக்கிற எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் இந்த ஊசி போடுவதை முதலில் சொல்லுங்கள். பட்டினி இருந்த பிறகும் இரைப்பையில் சாப்பாடு தங்கியிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போக வாய்ப்பிருக்கிறது. போலியும் உலவுகிறது, போலி செமாகுளூட்டைட் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. மலிவாகக் கிடைக்கிறது என்று முகம் தெரியாதவர்களிடம் வாங்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது என்ற கேள்வியைத் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், நான் கேட்டேன். ஸ்டெப் 1-ல் ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு வருஷத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. பசி திரும்புகிறது, எடையும் திரும்புகிறது. ஆகவே ஆறு மாதம் போட்டுவிட்டு விட்டுவிடலாம் என்ற கணக்கில் இறங்குகிறவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கட்டும்; இதற்கான செலவும் நீண்ட நாள் செலவுதான். நான் இப்போது 1.7-ல் இருக்கிறேன். எடை இன்னும் மெதுவாக இறங்குகிறது, வயிறும் தொந்தரவு செய்யவில்லை. 1.7-லேயே தொடர்வதும் அங்கீகரிக்கப்பட்ட வழிதான் என்கிறார் டாக்டர். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் 2.4-க்குப் போவதா இங்கேயே நிற்பதா என்று முடிவெடுப்போம்.