நோட்டீஸ் போகாத வயல்கள்

“ஆர்டர் கையில இருக்கு, வண்டியும் பேசியாச்சு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், அரை நாள்ல முடிச்சிடுறேன்” என்றார் வட்டாட்சியர். நான் சரி என்று சொல்லவில்லை. வீட்டை இடிக்கச் சொல்லும் உத்தரவை ரத்து செய்யுங்கள், அந்த வீட்டு அம்மாவை வைத்துக்கொண்டு இடத்தை மறுபடி அளந்து பாருங்கள், அவர் சொல்வதைக் கேட்டுக் காரணங்களோடு புது உத்தரவு போடுங்கள் என்று கருத்துரை எழுதிக் கொடுத்தேன். அரசு வழக்கறிஞராக நான் கொடுத்த கருத்துரைகளில் சட்டப்படி இதைவிடத் தெளிவானது அதிகம் இருக்காது. மனதை விட்டுப் போகாமல் இருப்பதும் இதுதான்.

கோப்பு சாதாரணமானது. வடிகால் புறம்போக்கில் ஒரு வீடு. ஏரிகளுக்கென்று 2007-இல் தனிச்சட்டம் வந்துவிட்டது. ஆனால் வாய்க்காலும் வடிகாலுமாகக் கிடக்கும் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கைக்கு வருவது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான். 7-ஆம் பிரிவில் நோட்டீஸ், பதில் வந்தால் பரிசீலனை, அப்புறம் 6-ஆம் பிரிவில் வெளியேற்றம். நோட்டீஸ் போயிருந்தது. அந்த அம்மாவும் பதில் கொடுத்திருந்தார். அளக்கும்போது தன்னைக் கூப்பிடவில்லை, வீடு ஊர்க் குடியிருப்புக்கான நத்தம் நிலத்தில் இருக்கிறது, மாமனார் காலத்து வரி ரசீது இருக்கிறது என்று ஒன்றரைப் பக்கம். உத்தரவில் அதற்குக் கிடைத்தது ஒரே வரி: “ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டது, ஏற்கத்தக்கதல்ல.” எதைப் பரிசீலித்தார்கள், ஏன் ஏற்கவில்லை என்று ஒரு சொல் கிடையாது. அவர் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டு, அது பதிவாகி எண்ணும் ஆகியிருந்தது. (2004-இல் கிளை வந்த பிறகு தஞ்சாவூர்க்காரருக்கு மதுரை. பக்கத்துத் திருவாரூர் மாவட்டத்தில் வீடு இருந்திருந்தால் சென்னைக்குப் போயிருக்க வேண்டும். ஒரே தண்ணீர், இரண்டு நீதிமன்றம்.)

அந்த மனுவுக்கு அரசு தாக்கல் செய்ய வேண்டிய பதிலுரைக்கான குறிப்புகளை வட்டாட்சியர் தயாராகவே கொண்டுவந்திருந்தார். நல்ல குறிப்புகள். புலப்பட அளவு, ‘அ’ பதிவேட்டில் உள்ள நில விவரம், வடிகாலின் பழைய அகலம் எல்லாம் இருந்தன. “இதையெல்லாம் உத்தரவிலேயே எழுதியிருக்கலாமே” என்றேன். “அப்ப நேரம் இல்ல சார். இப்ப எழுதியாச்சுல்ல” என்றார்.

அரசுத் தரப்பில் வேலை பார்க்கிற யாருக்கும் மோகிந்தர் சிங் கில் வழக்கு மனப்பாடம். ஓர் உத்தரவு செல்லுமா என்பதை அதில் எழுதியிருக்கும் காரணங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பின்னால் வாக்குமூலத்தில் புதுக் காரணம் சேர்க்கக் கூடாது என்று 1978 தொகுப்புகளில் வரும் தீர்ப்பு. நாள் ஆக ஆக மேம்படுவதற்கு உத்தரவு ஒன்றும் பழைய மது அல்ல என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அதில் எழுதியிருப்பார். அதைச் சொன்னேன்.

“சரி சார், ஸ்டே வரட்டும். வர்றதுக்குள்ள வடிகால் திறந்திடும்.”

“மனு நம்பர் ஆனது தெரிஞ்சே இடிச்சா நாளைக்கு என்ன பதில் சொல்றது?”

“மழைக்கு முன்னாடி திறக்கலைன்னா ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது சார்?”

அப்போது நான் சொன்ன வாக்கியத்தைத்தான் இன்று வரை திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். “வயல் அடுத்த வருஷம் விளையும் சார், இடிச்ச வீடு திரும்ப வராது.” அவர் அதற்குமேல் பேசவில்லை. கோப்பைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறு விசாரணை நான் நினைத்ததைவிட மெதுவாக நடந்தது. சர்வேயருக்கு வேறு வேலை வந்தது, ஒரு தேதி தள்ளிப்போனது, அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. டெல்டாவின் கடைமடையில் தரைக்குச் சரிவு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. வடிகால் அடைத்தால் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும். நட்டு வேர் பிடித்திருந்த சம்பா மூழ்கி அழுகியது. நிவாரணக் கணக்கெடுப்பு நடந்த சமயம் என்னைப் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். குத்தகைக்குச் சாகுபடி செய்பவர். கோபமாகக்கூடப் பேசவில்லை. “அந்தம்மாவுக்கு ரெண்டு தடவை நோட்டீஸ் கொடுத்து விசாரிச்சீங்க, நல்லதுதான். எங்க வயலுக்கு யாரு தம்பி நோட்டீஸ் கொடுத்தா?”

என்னிடம் பதில்கள் இருந்தன. வெங்காயத்தாமரை அடைத்திருந்தது, முகத்துவாரத்தில் மண் மேடிட்டிருந்தது, அந்த வீடு போயிருந்தாலும் வயல் தப்பியிருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. விவசாயிகள் மனுவில் தங்களையும் சேர்க்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். யாருடைய உரிமையில் அரசு நேரடியாகக் கை வைக்கிறதோ அவரைக் கேட்க வேண்டும் என்பதுதான் இயற்கை நீதி. ஓர் உத்தரவு தாமதமாவதால் நஷ்டப்படுகிற எல்லோரையும் தேடிப்போய்க் கேட்கச் சொல்லி எந்தத் தீர்ப்பும் இல்லை. இவ்வளவும் சரி. அவரிடம் இதில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று இரவு ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். 1985. பம்பாய் நடைபாதையில் குடிசை போட்டிருந்தவர்களின் வழக்கு. அத்துமீறிக் குடியேறியவர்தானே, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சொல்லக் கூடாது என்றது. பிழைப்புக்கான உரிமையும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றது. கடைசியில் மழைக்காலம் போகட்டும் என்று அக்டோபர் 31 வரை அவர்களை அகற்றக் கூடாது என்றும் சொன்னது. பலமுறை மேற்கோள் காட்டிய தீர்ப்புதான். பம்பாயில் மழை வீட்டை விட்டுவைக்கக் காரணமானது. எங்கள் ஊரில் அதே மழைதான் வீட்டை உடனே எடுக்கச் சொல்லும் காரணம். குத்தகைச் சாகுபடிக்காரருக்கு ஒரு சம்பா போனால் அடுத்த வருஷத்து வயலே கையில் நிற்காமல் போகலாம். பிழைப்பு என்று தீர்ப்பு சொன்னதில் அவருடையதும் உண்டுதானே? அந்த அம்மா என் மேஜைக்குக் காகிதமாக வந்தார், இவர் வரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதானோ என்று தோன்றுகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. கில் வழக்கின் விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது, பெரிய பொதுநலன் இருந்தால் பின்னால் கிடைத்த விவரங்களையும் பார்க்கலாம் என்று ரயில்வே தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. எனக்கு அது தெரியும். கருத்துரையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் உத்தரவை ரத்து செய்யாமல் மதுரையில் நின்று வாதாடிப் பார்க்கலாம் என்று வட்டாட்சியருக்குத் தோன்றியிருக்கும். ஒரு வரி உத்தரவுக்கெல்லாம் அந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் எந்த அதிகாரி காரணம் எழுதுவார் என்பதுதான் என் நினைப்பு. இன்றும் அதே நினைப்புதான்.

மறு அளவை முடிந்தபோது ஒன்று தெரிந்தது. முதல் உத்தரவு வீடு முழுவதையும் எடுக்கச் சொன்னது. அந்த அம்மாவை நிறுத்திவைத்து அளந்ததில் வீட்டின் பெரும்பகுதி நத்தத்திலேயே இருந்தது. வடிகாலுக்குள் இருந்தது பின்பக்கக் கொட்டகையும் மண் நிரப்பிய இடமும்தான். அன்று நான் சரி என்று சொல்லியிருந்தால் அரை நாளில் அந்த வீடு போயிருக்கும். இதை நினைக்கும்போது நிம்மதி வருகிறது. உடனே இன்னொன்றும் வருகிறது: வடிகாலை அடைத்தது அந்தக் கொட்டகையும் மண்ணும்தானே, அதை மட்டும் முதலிலேயே கேட்டிருந்தால்? “அளக்கும்போது கூப்பிட்டிருந்தா போதும்” என்று விசாரணையில் அந்த அம்மா சொன்னது பதிவாகியிருக்கிறது.

அதன் பிறகு வடிகால் ஆக்கிரமிப்புக் கோப்புகளில் என் கருத்துரையோடு ஒரு வரி சேர்க்கிறேன்: விசாரணைத் தேதியை ஊரில் அறிவித்து, அந்த வடிகாலை நம்பியிருக்கும் சாகுபடியாளர்கள் சொல்வதையும் பதிவு செய்யவும். சட்டம் இதைக் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. மூத்த வழக்கறிஞர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுக் கடிந்துகொண்டார். “ஒத்தைப் பொம்பளை ஒரு பக்கம், ஊரே ஒரு பக்கம்னு தாசில்தார் முன்னாடி நிறுத்துறியே, அவ எப்படி வாயைத் திறப்பா? எல்லைக்கோடு எங்க இருக்குங்கறதுதான் கேள்வி. அதுக்கு ஊர் எதுக்கு?” அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எழுத்தில் மட்டும் வாங்குங்கள் என்று அந்த வரியை மாற்றினேன். எழுத்தில் என்றால் அந்தப் பெரியவர் போன்றவர்கள் கொடுக்கவே மாட்டார்கள், சங்கம் வைத்திருப்பவர்கள்தான் கொடுப்பார்கள் என்பது முதல் கோப்பிலேயே தெரிந்துவிட்டது. இப்போது இன்னொரு வட்டாட்சியர், இந்த வரி கட்டாயமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். கட்டாயம் இல்லை என்றுதான் பதில் போக வேண்டும். அதற்குக் கீழே வேறு என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.