சுக்கு, சுக்கு, செப்பாரோ

அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை நோய்தான், என்று தெரிந்த அன்று, கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு தட்டுப் படத்தைக் காட்டி "சுக்கு, சுக்கு, செப்பாரோ" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சுக்கு வாங்கிவர அனுப்பினார். மலாய் மொழியில் அது கால் பங்கு, செப்பாரோ என்றால் பாதி. கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, மீதிப் பாதி காய்கறியும் பழமும் என்று நான் விளக்குவதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

பாதித் தட்டு காய்தான் பெரிய தகராறு. அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் பால் வெட்டி வளர்ந்தவர். தோட்டத்து லய வீடுகளில் காய் என்றால் வெந்த காய்தான். நிறம் செத்தால்தான் சட்டியை இறக்குவார். பச்சையாகத் தின்ன "நான் என்ன ஆடா மாடா?" பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மாக்சிக் என்போம், உலாம் ராஜா தழையையும் சிறகு அவரையையும் பச்சையாகவே சம்பால் பெலாச்சான் என்ற இறால் மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிடுவதை நாற்பது வருஷமாகப் பார்த்தவர்தான். மாக்சிக் தட்டில் இருக்கும் பெகாகா நம் வல்லாரைதான் என்று சொன்ன பிறகு ஒரே ஓர் இலையை எடுத்து மென்றார்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் சிவப்புக் குடைமிளகாய், காரட், ஊதா கோபிஸ் என்ற முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று கேமரன் மலைக் காய்களாக அள்ளிவந்தேன். குடைமிளகாயில்தான் எனக்கு வெற்றி. பச்சையாக இருப்பது செடியிலேயே பழுத்தால்தான் சிவப்பு. நூறு கிராம் சிவப்பில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் வைட்டமின் சி. ஆரஞ்சுப் பழத்தில் அதில் பாதிகூடத் தேறாது. அந்தச் சத்து சூட்டில் அழியும், வேகவைத்த தண்ணீரிலும் இறங்கிவிடும். அம்மாவோ அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறவர்.

காரட்டில் அம்மா ஜெயித்தார். அதன் நிறமே பீட்டா கரோட்டின். உடம்புக்குள் போய்த்தான் வைட்டமின் ஏ ஆகிறது. வெந்து இளகி, கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தால்தான் உடம்பு நன்றாக இழுத்துக்கொள்ளும். தக்காளியின் சிவப்பும் அப்படியே. "அதத்தான நானும் சொல்றேன்" என்றார். அப்பா முப்பது வருஷம் வெட்டிய, பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலைகளின் ஆரஞ்சு நிறமும் பெரும்பாலும் இதே கரோட்டின்தான். ஆலையில் பிழியும்போது செக்கச்செவேலென்று வரும் எண்ணெய், சுத்திகரித்து நிறம் போக்கிய பிறகு வெளிறித்தான் பாக்கெட்டுக்கு வருகிறது. பழம் வெட்டியவர் வீட்டில் அந்தச் சத்துக்குக் காரட் வாங்க வேண்டியிருக்கிறது, போங்கள்.

கோபிஸை மெல்லிசாக அரிந்து எலுமிச்சை பிழிந்தேன். ஊதா ரோஸ் ஆனது. அந்தோசயனின் நிறமி, புளிப்புப் பட்டால் சிவக்கும். அம்மா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் மாக்சிக்கை அழைத்துவந்து, அவர் முன்னால் தானே எலுமிச்சை பிழிந்து காட்டினார்.

பீட்ரூட்தான் மானத்தை வாங்கியது. துருவிய பச்சை பீட்ரூட்டைத் தயிரில் கலந்து கொடுத்தேன், ருசித்துச் சாப்பிட்டார். விடிந்ததும் கழிவறையிலிருந்து ஒரே அலறல்: "ஐயோ, கிட்னி போச்சுடி!" ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை, பீட்ரூட்டின் சாயம் சிலருக்கு அப்படியே நீரில் இறங்கும், ஆபத்து கிடையாது. அரை மணி நேரம் பேசித்தான் நம்பவைத்தேன்.

பிறகு காலண்டரை எடுத்தார். அடுத்த முறை கிளினிக்கில் நீர் கொடுக்க வேண்டிய தேதிக்கு முந்தின நாளில் பேனாவால் வட்டம் போட்டு, "அன்னிக்கு மட்டும் பீட்ரூட் வேணாம்டி, மிஸ்ஸி பயந்துரும்" என்றார்.