தென் கரோலினா கொடுத்த ஒப்புதல்

கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று 1857-இல், விடுதலை கேட்ட ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை உடைக்கத்தான் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள் குடிமக்களே என்று சொல்லும் அரசியலமைப்பின் 14-வது திருத்தம் 1866-இல் மாநிலங்களின் ஒப்புதலுக்குப் போனது. உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களில் டென்னசி மட்டும் ஏற்றது, மற்ற 10-ம் முடியாது என்றுவிட்டன.

அப்புறம்தான் 1867-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பிடியை இறுக்கியது. திருத்தத்தை ஏற்று, கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை தந்தால்தான் அந்த மாநிலங்களுக்குக் காங்கிரஸில் இடம். நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள் வாக்களித்தார்கள், சட்டமன்றத்திலும் போய் உட்கார்ந்தார்கள்! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடும். 1860-இல் நாட்டிலிருந்து முதலில் பிரிந்துபோன தென் கரோலினாவில், அப்படிப்பட்ட உறுப்பினர்கள் இருந்த சட்டமன்றம் 1868 ஜூலை 9 அன்று ஒப்புதல் தந்தது.

இடையில் ஒஹாயோவும் நியூ ஜெர்சியும் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறப் பார்த்தன. காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. சரியான முடிவு என்றே சொல்வேன்.