உச்சிவேளைப் பேயும் மூன்றாம் ஷிப்டும்

பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையில் இருந்த ஒரு நூற்பாலையின் மருந்தகத்தில் நான் 11 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். மருந்தகம் என்றால் ஓர் அறை, ஒரு மேசை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ரெக்சின் மெத்தை போட்ட நீளமான பெஞ்சு, சுவரில் ஒரு தினசரி நாட்காட்டி, அவ்வளவுதான். அந்தச் சுவருக்கு மறுபுறம் ஸ்பின்னிங் பிரிவு. நூல் முறுக்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்கள் ஓடும் இரைச்சல் சுவரையும் தாண்டிப் பெஞ்சின் கால்களில் அதிரும். மில்லில் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் தொந்தரவாகத் தெரியாது. மின்சாரம் போய் அது நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மூன்றாம் ஷிப்டு இரவு 11 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்கு முடியும். விடியற்காலை நான்கு மணிக்கு மேல் அடிபட்டோ மயங்கியோ யாரும் வராவிட்டால் அந்தப் பெஞ்சில் சற்றுச் சாய்வது என் வழக்கம். அப்படிச் சாய்ந்திருந்த ஒரு நாள் கண் விழித்தேன். விழித்துவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன். அறை அறையாகவே இருந்தது, ஆனால் கையை அசைக்க முடியவில்லை. வெளியே, நூல் நிறைந்த பாபின்களை அள்ளிச் செல்லும் டாஃபிங் வண்டி உருண்டு வரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கதவு திறக்காமலேயே உள்ளே வந்து என் தலைமாட்டில் நின்றது. பிறகு யாரோ குனிந்து மார்பில் முழங்காலை ஊன்றி அழுத்தியதுபோல் மூச்சு முட்டியது. கூப்பிட வாயெடுத்தும் குரல் எழவில்லை. கண்ணை மட்டும் திருப்ப முடிந்ததால் எதிரே இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்று தெளிவாகப் படித்ததும் நினைவிருக்கிறது. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்து உடம்பு சட்டென்று விடுபட்டது. எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தபோது நாட்காட்டியில் செவ்வாய்க்கிழமைத் தாள்தான் இருந்தது.

எங்கள் அம்மாயி இதை அமுக்குவான் என்பார். தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் அமுக்குவான் பேய் என்ற பெயர் உண்டு. அன்று எனக்குப் பயத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்து மில் விடுதியில் தங்கியிருந்த, ரிங் ஃபிரேமில் வேலை பார்க்கும் ஒரு சைடர் பெண், "சிஸ்டர், பகல்ல தூங்கறப்ப என்னமோ மேல ஏறி உக்காந்துக்குதுங்க, கத்தவும் முடியறதில்லீங்க" என்று சொல்லி அழுதபோது, விடுப்புக்குக் காரணம் தேடுகிறாள் என்று நினைத்து, இரண்டு பாரசிட்டமால் மாத்திரையைக் கையில் கொடுத்து அவளைத் தாட்டி விட்டிருந்தேன்.

அந்த ஆண்டு விடுதியில் இது பெரிய பேச்சாகிவிட்டது. கிழக்குப் பக்கம் இருந்த ஓர் அறையில் மட்டும் ஐந்தாறு பெண்களுக்கு அடுத்தடுத்து நடந்ததால், அந்த அறையில் முன்பு எவளோ தூக்குப் போட்டுக்கொண்டாள் என்ற கதை எங்கிருந்தோ முளைத்தது. அப்படி எதுவும் நடந்ததே இல்லை என்று வார்டன் அம்மா அடித்துச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. மத்தியானம் உச்சிவேளையில்தான் அது வருகிறது என்பது கதைக்கு இன்னும் வலுச் சேர்த்தது. உச்சி நேரத்தில் முனி உலவும், தனியாகப் புளியமரத்தடிக்குப் போகாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே எல்லாரும். நிர்வாகம் அதிகம் யோசிக்கவில்லை. பூசாரியை வரவழைத்துப் பூசணிக்காய் உடைத்து, அறை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். பண்ணாரியம்மன் கோயிலிலிருந்து புற்றுமண் வாங்கி வந்து எல்லார் நெற்றியிலும் இட்டார்கள். நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். பயம் குறைந்த சிலருக்கு அடுத்த இரண்டு வாரம் நல்ல தூக்கம் வந்தது. பிறகு மறுபடியும் தொடங்கியது.

கோவையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தபோது நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்லீப் பராலிசிஸ் என்றார்; தமிழில் உறக்க முடக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதன் பிறகு எனக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, விடுதிப் பெண்கள் சொன்ன ஒவ்வொரு விவரத்துக்கும் உடம்பில் ஓர் இடம் இருப்பது தெரிந்தது.

தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றின் பின்பகுதியிலும் மூடிய இமைகளுக்குள் கண்விழிகள் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளெயிட்மனும் சிகாகோவில் இதைக் கண்டறிந்து 1953இல் வெளியிட்டார்கள். நினைவில் நிற்கும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. கனவில் ஓடும்போது படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவிடாமல் இருக்க, மூளைத்தண்டு உடம்பின் தசைகளுக்குப் போகும் கட்டளைகளை அந்த நேரத்தில் தடுத்து வைக்கிறது. பிரான்சில் மிஷேல் ஜுவே பூனைகளின் மூளைத்தண்டில் அந்தத் தடுப்பு வேலை செய்யும் பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தபோது, அவை தூங்கியபடியே எழுந்து இல்லாத எலியின் மேல் பாய்ந்தன. இந்தத் தடுப்பு விலகுமுன் அறிவு விழித்துக்கொள்வதுதான் உறக்க முடக்கம். உடம்பு இன்னும் கனவின் பிடியில் இருக்கிறது, கனவும் முழுதாகக் கலைந்திருக்காது. அதனால்தான் நான் பார்த்த அறை உண்மை அறையாகவும், படித்த கிழமை கனவுக் கிழமையாகவும் இருந்தன.

மார்பில் அழுத்தும் அந்த முழங்காலுக்கும் விளக்கம் உண்டு. கனவுக் கட்டத்தில் உதரவிதானம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஆனால் விலா எலும்புகளை விரித்து ஆழமாக இழுக்க உதவும் தசைகள் தளர்ந்துகிடக்கும். விழித்துக்கொண்டவர் பதறி மூச்சை ஆழமாக இழுக்க முயல்வார், முடியாது. முடியாததை மனம் ஒரு பாரமாகவும், பாரத்தை ஓர் ஆளாகவும் ஆக்கிவிடுகிறது. இந்த அனுபவத்துக்கு ஜப்பானில் கனாஷிபாரி, அதாவது உலோகத்தால் கட்டுண்ட நிலை, என்று பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் கிழட்டுச் சூனியக்காரி என்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பொதுமக்களில் 100 பேருக்கு 7 அல்லது 8 பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவிப்பதாகவும், மாணவர்களில் அது 28 பேர் வரை போவதாகவும் கணக்கிட்டது. கெட்டுப்போன தூக்கமே இதற்குப் பெருந்துணை. மல்லாந்து படுப்பது இன்னொன்று.

எங்கள் விடுதியில் தூக்கம் எப்படிக் கெடுகிறது என்று அதன்பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் ஷிப்டு முடிந்து ஏழு மணிக்கு வரும் பெண்கள் குளித்து, துணி துவைத்து, டிபன் சாப்பிட்டுப் படுக்க ஒன்பதாகிவிடும். மெஸ்ஸில் மதியச் சாப்பாடு ஒன்றரை மணியோடு முடிந்துவிடும் என்பதால், நல்ல தூக்கத்தில் இருப்பவர்களைப் பக்கத்துக் கட்டில்காரிகள் தட்டி எழுப்புவார்கள். தூக்கக் கலக்கத்திலேயே போய்ச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிவாக்கில் திரும்பவும் படுப்பார்கள். அந்த இரண்டாவது தூக்கத்தில்தான் பேய் வந்தது. பெயர்களையும் நேரங்களையும் நோட்டில் குறித்து வைத்ததில், பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பின்னால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் விழுந்தன. கிழக்கு அறைக்கு மட்டும் அது அடிக்கடி வந்ததன் காரணமும் அப்போது புலப்பட்டது: மூன்றாம் ஷிப்டுப் பெண்களை ஒரே இடத்தில் வைத்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று வார்டன் அம்மாவே அவர்களை அந்த அறைக்கு ஒதுக்கியிருந்தார்.

1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர் ஏறக்குறைய இதையே வேண்டுமென்று செய்து பார்த்திருக்கிறார்கள். தூங்குபவர்களை நடுவில் எழுப்பி, சற்று நேரம் விழித்திருக்கச் செய்து, மறுபடி படுக்க வைத்தபோது, சிலருக்கு வழக்கமான வரிசையைத் தாண்டி நேரே கனவுக் கட்டம் வந்தது. அவர்களில் சிலருக்கு உறக்க முடக்கமும் வந்தது. ஆய்வுக்கூடத்தில் செய்த காரியத்தை எங்கள் மெஸ் மணி தினமும் செய்துகொண்டிருந்தது.

அந்தியூர்ப் பெண் வேறொரு விஷயத்தையும் எனக்குக் காட்டிக் கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்பதுபோல் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதையெல்லாம் விளக்கிய சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு நாள் தானாகவே வந்து, "இப்பெல்லாம் அது வந்தா நா பயப்படறதில்லீங்க சிஸ்டர். அப்படியே இருந்தா உடம்பு லேசாகி மேல போயிருது. பொறவு எங்கூர்க் கெணத்துக்குப் போயிருவேன்" என்றாள். கிணற்று மேட்டிலிருந்து குதிப்பாளாம், தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடுவாளாம், வேண்டுமென்றால் மறுபடி மேட்டுக்கு வந்து இன்னொரு முறை குதிப்பாளாம். கனவு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மிஷின் சத்தம் இருக்காதுங்க. சத்தம் இல்லீன்னா கனவுதானுங்க" என்றாள்.

கனவு காணும்போதே இது கனவு என்று அறிந்திருக்கும் அந்த நிலைக்கு, ஃபிரெடெரிக் வான் ஈடன் என்ற டச்சு மனநல மருத்துவர் 1913இல் லூசிட் ட்ரீம் என்று பெயர் வைத்தார். தெளிவுக் கனவு என்று நாம் சொல்லலாம். தூங்குகிறவன் எதையும் அறிந்திருக்க முடியாது என்று சொல்லி அறிவியலாளர்கள் பலர் அதை வெகுகாலம் நம்பவில்லை. நம்ப வைத்தது கண். தசைகளைக் கட்டிப்போடும் அந்தத் தடுப்பு உதரவிதானத்தைப் போலவே கண்விழிகளையும் விட்டுவைக்கிறது; உறக்க முடக்கத்தில் நான் நாட்காட்டியைப் பார்க்க முடிந்ததும் அதனால்தான். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1975இல் கீத் ஹெர்ன் இந்த விதிவிலக்கையே கருவியாக்கினார். கனவு தெளிந்ததும் கண்களை முன்கூட்டியே பேசி வைத்தபடி இடமும் வலமுமாக அசைக்க வேண்டும் என்று ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம் ஏற்பாடு செய்திருந்தார். வோர்ஸ்லி கனவுக் கட்டத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சைகை, கண் அசைவைப் பதியும் கருவியின் காகிதத்தில் கோடுகளாக விழுந்தது. ஹெர்னின் வேலையை அறியாமலே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் லபெர்ஜும் இதே வழியில் நிரூபித்து 1981இல் வெளியிட்டார். அந்தச் சைகையைப் பற்றிப் படித்த இரவு எனக்கு வேலையே ஓடவில்லை.

தெளிவுக் கனவை விரும்பி வரவழைக்க நினைப்பவர்கள் இன்று செய்வதும், ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து, சற்று விழித்திருந்து, மறுபடி படுப்பதுதான். ஆக, பேய் வரும் வாசலும் கிணற்றுக்குப் போகும் வாசலும் ஒன்றே. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் செய்ன் முடக்கத்தில் தோன்றும் அனுபவங்களை மூன்றாகப் பிரித்தார்: அறையில் யாரோ இருப்பது, மார்பில் அழுத்துவது, மிதப்பதும் பறப்பதும். முதல் இரண்டிலும் அச்சமே மேலோங்கும். மூன்றாவதில் சிலருக்கு ஆனந்தமும் உண்டு. அந்தியூர்ப் பெண் ஒன்றிலும் இரண்டிலும் நிற்காமல் மூன்றாவதற்குள் நுழையக் கற்றுக்கொண்டிருந்தாள். டான் டெனிஸும் ஜூலியா போரியோவும் 2017இல் வெளியிட்ட ஆய்விலும், முடக்கம், தெளிவுக் கனவு இரண்டில் ஒன்றை அனுபவிப்பவர்களுக்கு மற்றதும் வரும் வாய்ப்புக் கூடுதல் என்றே தெரிந்தது; ஆனால் முடக்கம் கெட்ட தூக்கத்தோடும் மன அழுத்தத்தோடும் சேர்ந்து வந்தது, தெளிவுக் கனவுக்கு அந்தச் சேர்க்கை இல்லை. அதனால் எல்லாரையும் கிணற்றில் குதிக்கப் பழக்கலாம் என்று நான் எண்ணவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது முதலில் தூக்கம்.

பெண்களிடம் எளிமையாகத்தான் சொன்னேன். ஒருக்களித்துப் படுங்கள், வந்துவிட்டால் மூச்சோடு மல்லுக்கட்டாதீர்கள், அது தானாக ஓடிக்கொண்டிருக்கிறது, கண்ணை இப்படியும் அப்படியும் திருப்புங்கள், கால் கட்டைவிரலை அசைக்க நினையுங்கள், விட்டுவிடும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமில் இருந்த ஒரு பையன் மட்டும் வேறு ரகம். பகலில் நின்றபடியே கண் சொருகுவான், சிரித்தால் முழங்கால் மடிந்து விழுவான். பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நரம்பு நோயான நார்கோலெப்சியாக இருக்கலாம் என்ற ஐயத்தில் அவனை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன்.

நிர்வாகத்திடம் இரண்டு கேட்டேன். மூன்றாம் ஷிப்டுப் பெண்களை மதியத்தில் எழுப்பாமல் சாப்பாட்டை மூடி வைத்து நான்கு மணி வரை கொடுக்க வேண்டும். அவர்களை ஒன்றரை ஷிப்டு பார்க்கச் சொல்லக்கூடாது. பூசணிக்காய்க்கு ஒரே நாளில் கையெழுத்துப் போட்டவர்கள், சாப்பாட்டுக்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றரை ஷிப்டு மட்டும் ஆர்டர் நெருக்கடி என்ற பெயரில் நான் இருந்தவரை நிற்கவில்லை. ஆனால் உச்சிவேளைப் பேய் கிழக்கு அறைக்கு வருவது அரிதாகிவிட்டது. புற்றுமண்ணின் மகிமை என்று பூசாரி சொன்னார், நான் மறுக்கவில்லை.

நானும் ஒருமுறை முயன்று பார்த்தேன். வேலையை விடுவதற்கு முந்தைய மாதம், அதே பெஞ்சில், டாஃபிங் வண்டி தலைமாட்டில் வந்து நின்றபோது மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டு, கண்ணை மட்டும் நாட்காட்டிக்குத் திருப்பினேன். 12 என்று இருந்தது. கண்ணை விலக்கி மீண்டும் பார்த்தேன், 31. மறுபடி பார்த்தபோது எண்ணே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமும் இல்லை. அவள் சொன்னது இதுதான் என்று நினைத்து, மேலே போவதற்காகக் காத்திருந்தேன். அதற்குள் கதவைத் தட்டி, "சிஸ்டர், வெரல்ல அறுத்துக்கிட்டேனுங்க" என்ற குரல் கேட்டது. மிஷின் சத்தம் முழுவதும் ஒரே நேரத்தில் காதுக்குள் திரும்பி வந்தது.