பூஜை மாடத்தில் இருந்த பட்டாளத்துப் பதக்கம்

எங்கள் அப்பாவின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தில் இருந்தவர். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். எந்தச் சண்டைக்குப் போனார் என்று கேட்டால் பெரியப்பா பர்மா என்பார், அப்பா பாக்தாத் என்பார். ஒரு படம்கூடக் கிடையாது. ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கிடைத்ததை மறந்துபோகும் முன் எழுதிவைக்கிறேன்.

தேடல் சூடுபிடித்தது ஆரணிப் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுப் பூஜை மாடத்தில். சாமி படங்களுக்கு முன்னால் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மேலே வளையம் வைத்த ஒரு வட்டத் தகடு. அதில் இறக்கை விரித்து நிற்கும் ஒரு பெண். அத்தைக்கு அது ஏதோ ஒரு அம்மன். பாட்டி கொடுத்தது, அதனால் வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமம் வைத்துவிடுவார். தேய்த்துத் தேய்த்து அம்மனுக்கு முகமே இல்லை.

திருப்பிப் பார்த்தேன். இலை வளையத்துக்குள் ஆங்கிலத்தில் ‘நாகரிகத்துக்கான பெரும்போர் 1914-1919’ என்று பொருள்படும் வரிகள். பர்மா கதை அங்கேயே முடிந்தது. அது முதல் உலகப்போருக்காகக் கொடுத்த வெற்றிப் பதக்கம். வழக்கமாக இதோடு ஜோடியாக, ராஜா தலை போட்ட ஒரு வெள்ளிப் பதக்கமும் உண்டு. அது எங்கே என்று கேட்டேன்.

“வெள்ளியா? அத உருக்கித்தான்டா என் கல்யாணத்துக்குக் கொலுசு பண்ணாங்க” என்றார் அத்தை.

வெண்கலத்துக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள் என்பதால் இது பிழைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் ராஜா தலை போட்ட பதக்கம் இருந்து, அது வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால் அதையும் ஒதுக்கிவிடாதீர்கள். தொழிலாளர் படை, சுமைப்படை போன்றவற்றில் போனவர்களுக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள்.

முகம் போனாலும் பரவாயில்லை, பதக்கத்தின் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். வாங்கியவரின் எண், பதவி, பெயர், படை எல்லாவற்றையும் அந்தக் குறுகலான இடத்தில் பொறித்திருப்பார்கள். எங்கள் பதக்கத்தின் விளிம்பு கறுத்து வழவழவென்று இருந்தது. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தபோது மெல்லிய சிவப்புக் கோடுகள் தெரிந்தன. எத்தனையோ வருஷத்துக் குங்குமம் எழுத்துப் பள்ளங்களில் இறங்கிக் கெட்டியாகியிருந்தது. மேலே புளி தேய்த்ததை உள்ளே குங்குமம் காப்பாற்றியிருக்கிறது! நான் அதைச் சுரண்டவில்லை. மெல்லிய காகிதத்தை விளிம்பைச் சுற்றி வைத்து, சின்ன வயதில் காசுக்கு மேல் பென்சில் தேய்ப்போமே, அப்படித் தேய்த்தேன். மூன்றாவது தடவையில் ஒரு நாலு இலக்க எண் வந்தது. அப்புறம் எஸ் என்று தொடங்கும் ஏதோ ஒரு சொல். அப்புறம் தாத்தாவின் பெயர். பெயரில் வரும் ‘சாமி’யை ஆங்கிலத்தில் நாம் இன்று எழுதுகிற மாதிரி எழுதாமல், இடையில் டபிள்யூ போட்டு ‘Sawmy’ என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ‘2 கியூ.வி.ஓ.’, அதற்குப் பிறகு எல்லாம் மங்கல்.

இங்கேதான் இரண்டு மாதம் வீணானது. எஸ் என்று தொடங்குவதைச் சிப்பாய் என்று வைத்துக்கொண்டு 2 கியூ.வி.ஓ.வை (குயின் விக்டோரியாஸ் ஓன்) தேடினால், 2வது விக்டோரியா மகாராணியின் சொந்த ராஜபுத்திர இலகு காலாட்படை வந்து நிற்கிறது. வட ஆர்க்காட்டுக்காரர் எப்படி ராஜபுத்திரப் படையில்? பழைய காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. எஸ்ஸை அடுத்து இருப்பது பி, ஆர். சிப்பாய் இல்லை, சாப்பர்! அதே எண்ணும் அதே மகாராணி பெயரும் கொண்ட இன்னொரு படை இருந்தது: 2வது விக்டோரியா மகாராணியின் சொந்த சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். நம் மெட்ராஸ் சாப்பர்கள்தான். 1780-ல் தொடங்கியது, பெங்களூரில் நிலைகொண்டது, இன்றும் ராணுவத்தில் ‘தம்பி’ என்று அழைக்கப்படுகிற படை. முள்கம்பி வேலியைத் தகர்க்கும் பெங்களூர் டார்பிடோ 1912-ல் இவர்களிடம்தான் பிறந்தது.

சாப்பர் என்றால் பாலம் கட்டுகிறவர், பாதை போடுகிறவர், பதுங்குகுழி வெட்டுகிறவர். இதை அத்தையிடம் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆத்துல படக வரிசையா கட்டி மேல பலக போட்டோம்னு சொல்லுவாராம்டா. பாலாத்துல ஏது அவ்ளோ தண்ணின்னு எங்க அம்மா சிரிப்பாங்க” என்றார்.

பாலாறு இல்லை, டைக்ரிஸ். மெட்ராஸ் சாப்பர் கம்பெனிகள் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்குப் போயின. 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் பிரிட்டிஷ் இந்தியப் படை அந்த ஆற்றைக் கடந்து படகுப் பாலம் போட்டது. மார்ச் 11-ல் பாக்தாத் விழுந்தது. அப்பா சொன்ன பாக்தாத் வெறும் கதை இல்லை.

அவர் எந்தக் கம்பெனி என்பதுதான் இப்போது வேண்டும். லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 95 என்ற வரிசையில் படைகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. படித்துப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. அடிபட்ட வெள்ளைக்கார அதிகாரிக்குப் பெயர் உண்டு. நம் ஆட்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். மெசபடோமியாவில் செத்தவர்களுக்குப் பஸ்ராவில் எழுப்பிய நினைவுச்சின்னத்திலும் கதை இதுதான்: இந்தியப் படைகளில் அதிகாரிகளின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள், மற்றவர்கள் இத்தனை பேர் என்று எண்ணைப் போட்டார்கள். பஞ்சாபுக்காரர்களுக்கு லாகூர் அருங்காட்சியகத்தில் சுமார் 3,20,000 பேரின் பதிவேடுகள் ஊர்வாரியாகக் கிடைத்திருக்கின்றன. நமக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. அதனால் வீட்டில் கிடக்கும் தகடும் தாளும்தான் நமக்குப் பதிவேடு. தயவுசெய்து பழைய பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள்.

போன வாரம் எண்ணை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இலக்கம் சொன்னதுமே எழுந்து உள்ளே போய்விட்டார். பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருக்கிறதாம், மூடியின் உள்பக்கம் வெள்ளை பெயின்டில் ஏதோ நம்பர் எழுதியிருக்குமாம். இறக்கிப் பார்த்தோம். யாரோ மேலே பச்சை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் உரிந்த இடத்தில் பதக்கத்தின் கடைசி இரண்டு இலக்கம் தெரிகிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. வெள்ளை போகாமல் பச்சையை மட்டும் எடுக்க என்ன வழி என்று பெயின்டர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.