பிடுங்கி எறிந்த அறுகை நட்டு மீட்ட முற்றம்

எங்கள் வீடு திருகோணமலை நகருக்குள், பிரட்றிக் கோட்டைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. முன்பக்கம் ஏறத்தாழ 2 பேர்ச், அதாவது ஐம்பது சதுர மீற்றர் அளவில் ஒரு புல்தரை. அப்பா பென்சன் எடுத்த வருடம் ஆசைப்பட்டுப் போட்டது. பின்னேரம் வெயில் தணிந்ததும் கதிரையை அதில் இழுத்துப் போட்டு உட்காருவார். போன ஜூலையில் அந்தக் கதிரைக் கால்களுக்குக் கீழே புல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வைக்கோல் நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ கிடந்தது. இடையில் வெறும் மண். அந்த மண்ணில் கோரை மட்டும் பச்சையாக நிமிர்ந்து நின்றது. தென்மேற்கிலிருந்து வரும் வரண்ட கச்சான் காற்று அடிக்கிற நேரமெல்லாம் புழுதி எழும்பி வீட்டுக்குள் படிந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் கதிரையை விறாந்தைக்கு மாற்றிக்கொண்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

அதற்கு முன்பு இரண்டு தடவை மலேசியன் புல் என்று விற்கும் அகல இலைப் புல்லை வாங்கிப் பதித்திருக்கிறோம். இரண்டு தடவையும் மாரி முடியும்வரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆனி ஆடியில் நுனி கருகத் தொடங்கி, ஆவணிக்குள் போய்விட்டது. பசளை போதாது என்று நினைத்து யூரியா போட்டேன். இன்னும் கருகியது. தண்ணீர் போதாது என்று நினைத்துக் காலையும் மாலையும் கிணற்றிலிருந்து ஹோஸ் பிடித்து நனைத்தேன். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்ததுதான் மிச்சம்.

இந்த முறை புல்லை விட்டுவிட்டு மண்ணைப் பார்த்தேன். கையிலிருந்த நீளமான ஸ்குரூ டிரைவரைப் புல்தரையில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்திப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இரண்டு அங்குலம் இறங்கி, டக்கென்று நின்றது. ஓர் இடத்தை அலவாங்கால் கிண்டியபோது காரணம் தெரிந்தது. வீடு கட்டும்போது மட்டம் உயர்த்தக் கொட்டி இறுக்கிய கிரவல் என்கிற சரளை மண், சுவர் போல் கிடந்தது. அதன்மேல் இரண்டு அங்குல மண்ணில்தான் இத்தனை வருடமும் புல் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. வேர் இறங்க வழியில்லை. ஊற்றிய தண்ணீரும் கீழே போகாமல் மேலேயே நின்று வெயிலில் ஆவியாகி, கோடையில் உவர்க்கிற எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊற்றியதுதான் உப்பைச் சேர்த்தது. அகல இலைப் புல் நிழலையும் ஈரத்தையும் விரும்புவது. உப்பைத் தாங்காது, வரட்சியையும் தாங்காது. அதற்கு நாங்கள் கொடுத்தது இரண்டையும்.

அன்றைக்கே இன்னொன்றும் கண்ணில் பட்டது. வேலியோரம், ஒருவரும் தண்ணீர் ஊற்றாத ஒரு முழ அகலத்தில், அறுகு பச்சையாகப் படர்ந்து கிடந்தது. ஒவ்வொரு மாதமும் புல்தரைக்குள் நுழைகிறதே என்று நான் பிடுங்கி எறிகிற அதே அறுகு. வழக்கமாகப் புல் வெட்ட வருகிற அண்ணை அதைக் காட்டிக் கேட்டார்: “உதை ஏன் பிள்ளை பிடுங்கிறீங்கள்? இந்த மண்ணுக்கு நிக்கிறது உதுதானே.” பிள்ளையாருக்கு வைக்க மட்டும் தேடுகிற புல்லை நான் அதுவரை புல்தரைப் புல்லாக நினைத்ததே இல்லை. உலகம் முழுக்க விளையாட்டு மைதானங்களில் பெர்முடா புல் என்று போடுவது இந்த அறுகும் இதன் கலப்பு வகைகளும்தான் என்பதைப் பிறகு படித்து அறிந்தேன். உப்பைத் தாங்கும். வெயிலைக் கேட்டு வாங்கும். வரட்சியில் மேலே காய்ந்தாலும் நிலத்தடித் தண்டிலிருந்து திரும்ப முளைக்கும்.

மனது தளர்ந்த ஒரு நாள் நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது. கல்வரிசைகளுக்கு இடையில் புல்லை வைத்திருக்கும் ஒழுங்கை நெடுநேரம் நின்று பார்த்தேன். அங்கே வீசுவதும் இதே கச்சான்தான். இந்த ஊரில் புல் நிற்கும் என்ற நம்பிக்கையோடு திரும்பினேன்.

ஆவணியும் புரட்டாதியும் கோரைக்கே போயின. கோரையை இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளே இருந்து இரண்டு நாளில் திரும்ப எட்டிப் பார்க்கும். ஒரு கிழங்கைக் கிண்டி எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள்: கறுப்பாக, புளியங்கொட்டை அளவில், நூல் போன்ற வேர்த்தண்டால் அடுத்த கிழங்கோடு கோக்கப்பட்டு இருக்கும். அந்த நூல் அறுந்தால் அடுத்த கிழங்கு தன்பாட்டில் முளைக்கத் தொடங்கும். அதனால் நான் செய்தது இது. தரையை நன்றாக நனைத்து, எல்லாக் கோரையையும் முளைக்கவிட்டு, மூன்று வாரத்துக்குள், புதுக் கிழங்கு கட்டுவதற்கு முன்பு, சிறு மண்வெட்டியால் கிழங்கோடு தோண்டி எடுத்தேன். இப்படி மூன்று சுற்று. முதல் சுற்றில் ஒரு வாளி நிறையக் கிழங்கு. மூன்றாவதில் இரண்டு கைப்பிடி. எடுத்ததைக் குப்பைக் குழியில் போடாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்தேன். நெருஞ்சியையும் தொட்டாற்சுருங்கியையும் பூக்கமுன்பே எடுத்ததால் அவற்றால் தொல்லை இல்லை.

ஐப்பசி பிறந்ததும் கிரவலை உடைத்தோம். நானும் அண்ணையும் தம்பியும், ஐந்து நாள். எட்டு அங்குல ஆழம்வரை அலவாங்கால் கிளப்பி, பெரிய கல்லைப் பொறுக்கித் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோனோம். முழுக் கிரவலையும் அகற்ற வசதியில்லை. உடைத்துத் தளர்த்தினால் வேர் வழி கண்டுபிடிக்கும். ஒரு கியூப், அதாவது நூறு கன அடி மேல்மண் வாங்கினேன். பரப்பினால் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலே வந்தது. அதோடு பன்னிரண்டு உரப்பை மக்கிய மாட்டெரு. பச்சை மாட்டெருவைப் போட்டுவிடாதீர்கள், களை விதையெல்லாம் அதில் வரும்.

இங்கே ஒரு பிழை விட்டேன். வாசல் பக்கத்தில் புது மண்ணைக் கிரவலோடு கலக்காமல் மேலே பரப்பிவிட்டேன். முதல் மழைக்கே அந்த இடத்தில் தண்ணீர் சேறாக நின்றது. இரண்டு வகை மண் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தால் தண்ணீர் அந்த எல்லையிலேயே தயங்கி நிற்கும். திரும்பக் கொத்திக் கலந்தபிறகுதான் வடிந்தது. மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் லெவல் குழாயால் சரிவு பிடித்து, வீட்டுப் பக்கமிருந்து வீதிப் பக்கம் தண்ணீர் ஓடும்படி பலகையால் மட்டம் தட்டினோம்.

நடுகைக்கு அறுகு வேலியோரத்திலிருந்து கொஞ்சம், தம்பலகாமத்தில் தெரிந்தவர்களின் வயல் வரம்பிலிருந்து மூன்று உரப்பை. ஒவ்வொரு கொடியையும் மூன்று கணு வரும்படி வெட்டி, ஓர் அடி நீளக் கத்தியால் மண்ணைக் கீறி, ஆறு அங்குல இடைவெளியில் வரிசையாகப் படுக்கவைத்து, ஒரு நுனி மட்டும் வெளியே தெரிய மூடினேன். கோரை ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு கொத்தாகப் பிரித்துப் பார்த்தேன். ஐப்பசிக் கடைசி வாரம். மழை தொடங்கினால் வானமே தண்ணீர் ஊற்றும், உப்பையும் கீழே கழுவிக்கொண்டு போகும். எங்கள் பக்கத்தில் புல் நட இதைவிட நல்ல காலம் இல்லை.

ஆறாவது நாள் காலையில் மண்ணில் இரட்டைக் குளம்புத் தடங்கள். நகரத்துக்குள் புள்ளிமான்கள் ஆடு மாடு போல் திரிகிற ஊர் இது. இளம் அறுகு அவற்றுக்கு விருந்து. பழைய வலையைக் கட்டச் சொன்னார்கள். கொம்பு சிக்கினால் மான் செத்துப்போகும் என்பதால் மனம் ஒப்பவில்லை. முன்பக்கம் முழுக்க ஐந்தடி உயரத்தில் கிடுகு வேலி அடைத்தேன். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்துக்கு மான் பாயத் தயங்கும். அதன்பிறகு உள்ளே தடம் இல்லை.

கார்த்திகை அடைமழையில் ஒரு மூலை கரைந்து, நட்ட கொடிகள் கேற்றடிக்கு மிதந்து போயின. பொறுக்கிக்கொண்டு வந்து திரும்ப நட்டு, இரண்டு தென்னோலை மட்டையைக் குறுக்கே கிடத்தி மண்ணை நிறுத்தினேன். மற்றதெல்லாம் பிடித்துக்கொண்டது. மார்கழியில் மழை விட்டு வெயில் எறித்த ஒரு கிழமை, ஒரு கொடி நுனியில் தீக்குச்சி குத்தி வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் கொடி குச்சியைத் தாண்டி இரண்டு விரல் அகலம் போயிருந்தது. புதுக் கணுவுக்குக் கீழே முடி போல ஒரு வெள்ளை வேர், மண்ணைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “அறுகுபோல் வேரோடி எண்டு கலியாண வீட்டில வாழ்த்துறது சும்மா இல்லை” என்றார்.

தையில் முதல் வெட்டு. இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததை ஒன்றரைக்குக் கொண்டுவந்தேன். ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவே கூடாது, வேர் சோர்ந்துவிடும். வெட்ட வெட்டத்தான் அறுகு பக்கவாட்டில் அடர்கிறது. முதல் வெட்டுக்குப் பிறகு அரைக் கிலோ யூரியாவைக் காய்ந்த மணலோடு கலந்து முழுத் தரைக்கும் தூவி, உடனே தண்ணீர் விட்டேன். சதுர மீற்றருக்குப் பத்துக் கிராம். அதற்கு மேல் வேண்டாம்.

இன்றைக்கு மே முதல் வாரம். இப்போது கிழமைக்கு இரண்டு தடவை மட்டும் தண்ணீர். வெறும் மீன் ரின் ஒன்றைத் தரையில் வைத்து, அதில் ஓர் அங்குலம் நிறையும்வரை ஹோஸால் தூவுகிறேன். ஆழமாக நனைவதால் உப்பு மேலே தங்குவதில்லை, வெள்ளைப் பூப்பு இதுவரை காணவில்லை. ஸ்குரூ டிரைவர் கைப்பிடிவரை இறங்குகிறது.

வேப்பமரத்தடியில் மட்டும் அறுகு பிடிக்கவில்லை. நிழலில் அது நீண்டு மெலிந்து போகிறது. அந்த இடத்தில் பழைய அகல இலைப் புல்லில் மிஞ்சியதை விட்டிருக்கிறேன். அரிசி கழுவின தண்ணீரை ஊற்ற நன்றாகவே நிற்கிறது. கேற்றடியில் மோட்டார் சைக்கிள் போகும் தடம் இன்னும் வெறும் மண். அங்கே கல் பதிக்கலாமா, வருகிற ஐப்பசியில் திரும்ப நடலாமா என்று முடிவு செய்யவில்லை. கோரை இந்தக் கிழமை ஒன்பது முளை. கதிரை பழைய இடத்துக்கு வந்துவிட்டதால், அந்த ஒன்பதையும் கண்டுபிடித்துச் சொன்னது அப்பாதான்.