எஸ்கேப் ரோடு: இரண்டு முனையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 8, 2024, வியாழன். கொடைக்கானல்

முப்பது வருடம் மலைச் சாலைகளில் சர்வே வேலை பார்த்தேன். வேலையில் இருந்தபோது பார்க்கக் கிடைக்காத ஒன்று, பேரிஜம் ஏரி வழியாக மூணாறு போகும் பழைய சாலை. ஊரில் இன்றும் அதற்கு எஸ்கேப் ரோடு என்றுதான் பெயர்.

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. மதறாஸில் இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். எதிரி கிழக்குக் கரையில் இறங்கிவிட்டால் கொடைக்கானல் ஏறி, மூணாறு வழியாகக் கொச்சித் துறைமுகம் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் இருந்த மலைப்பாதையை ராணுவ வண்டிகள் போகும்படி சீராக்கினார்கள். நல்லவேளை, அப்படித் தப்பிப் போக வேண்டிய நாள் வரவில்லை.

நடுப்பகுதி காட்டுக்குள் இருக்கிறது, போக்குவரத்து நின்று பல வருடம் ஆகிறது. அங்கே நுழைய முடியாது, நுழையவும் மாட்டேன். இந்த முனையில் விடுகிற வரைக்கும் பார்ப்பது, அப்புறம் போடி சுற்றிப் போய் அந்த முனையிலிருந்து பார்ப்பது. தங்கை மகனும் கூட வந்திருக்கிறான்.

பிப்ரவரி 9, வெள்ளி. கோஷன் ரோடு

பேரிஜம் போகும் வழியில் மோயர் பாயிண்ட் பக்கம், வண்டி அதிகம் வராத ஓர் இடத்தில் காட் ட்ரேசரை எடுத்தேன். மலைப்பாதைக்குச் சரிவு பார்க்கும் கருவி. சிலோன் காட் ட்ரேசர் என்றும் சொல்வார்கள். ஒரு பித்தளைக் குழாய், அதன்மேல் நகரும் ஒரு கனமான எடைக்கட்டி, அவ்வளவுதான். கவட்டைக் கம்பில் தொங்கவிட்டு, எடையை 20 என்ற கோட்டில் நிறுத்தினால் குழாய் தானாகவே அந்தச் சரிவுக்குச் சாய்ந்து நிற்கும். இருபதடி போனால் ஓரடி ஏற்றம். ஒரு முனையில் கண் துளை, மறுமுனையில் குறுக்குக் கம்பி. எதிரே ஒருவன் அதே உயரத்தில் டார்கெட் பலகையைப் பிடித்துக்கொண்டு, பலகையின் நடுக்கோடு கம்பியில் வந்து உட்காரும் வரை மேலும் கீழும் நகர வேண்டும். உட்கார்ந்த இடத்தில் முளை அடிப்பது. முளைகளைச் சேர்த்தால் சாலை.

“மாமா, இதுக்கு இப்பதான் செல்போன்லயே ஆப் இருக்கே” என்றான்.

“இருக்கு மாப்ளே. அந்தப் பலகையைக் கொஞ்சம் இறக்கு” என்றேன்.

சாலையின் சரிவு எங்கள் கோட்டை விட்டு அதிகம் விலகவில்லை. இன்றும் மலைச் சாலைக்கு இருபதுக்கு ஒன்றுதான் கணக்கு. அந்தக் காலத்தில் முளை அடித்துக்கொண்டு போன ஆட்களின் கை எவ்வளவு நிதானமானது என்று கண் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனசு நிறைந்துவிட்டது.

பிப்ரவரி 10, சனி. பேரிஜம்

வனத்துறை அனுமதிச் சீட்டோடு ஏரி வரை. ஏரிக்கரைப் பக்கம் ஹாமில்டன் கோட்டை என்று பெயர் இருந்தாலும், 1860களில் இந்த மலையைப் பற்றி எழுதிய கர்னல் ஹாமில்டனின் பெயர் அது, கோட்டை கொத்தளம் எதுவும் கிடையாது.

ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, 1942இல் இங்கே வந்த சர்வேயர் என்னவெல்லாம் பார்த்திருப்பார் என்று யோசித்தேன். குதிரைக்கும் டோலிக்கும் போட்ட பாதையில் மூன்று டன் லாரி வருவதென்றால் முதல் சிக்கல் வளைவு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தும் திரும்பாத இடத்தில் டிரைவர் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். வரிசையில் ஒரு வண்டி அப்படி நின்றால் பின்னால் வரும் எல்லாமே நிற்கும். அதனால் மலைப்பக்கம் வெட்டி வளைவை அகலப்படுத்த வேண்டும். அடுத்தது பாலம். அந்தக் கால ராணுவ லாரிகளின் முகப்பில் மஞ்சள் வட்டத்துக்குள் எடை வகுப்பைக் காட்டும் ஓர் எண் இருக்கும். பாலத்துக்கும் ஓர் எண். வண்டியின் எண் பாலத்தின் எண்ணைத் தாண்டக் கூடாது.

அப்புறம் தண்ணீர். இதைப் பலர் நினைப்பதில்லை. இந்தச் சாலை 2,400 மீட்டருக்கு மேலே ஏறுகிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், பெட்ரோல் எஞ்சினும் கால் பங்கு சக்தியை இழந்துவிடும். சுமையோடு முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் லாரிக்கு ரேடியேட்டரில் ஊற்ற ஓடை எங்கெங்கே இருக்கிறது என்று குறித்து வைக்காத சர்வே, சர்வேயே இல்லை.

கீழே குனிந்து தாங்குசுவரைப் பார்த்தேன். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்மேல் கல், ஒவ்வொன்றும் மலைப்பக்கம் சற்றே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. இடுக்கில் பாசி, நடுவில் தண்ணீர் வடிய விட்ட துளை. கையை வைத்தால் ஈரம் இன்னும் கசிகிறது. அந்தத் துளை அடைபடாததால்தான் சுவர் நிற்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

மூடுபனி. பத்தடியில் நிற்கும் ஆள் தெரியவில்லை. 1821இல் லெப்டினன்ட் வார்டு பெரியகுளத்திலிருந்து வெள்ளகவி வழியாக ஏறிவந்து இந்த மலையை முதன்முதலில் சர்வே செய்தபோது எத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருப்பாரோ.

பிப்ரவரி 13, செவ்வாய். டாப் ஸ்டேஷன்

வத்தலக்குண்டு, தேனி, போடி, போடிமெட்டு, மூணாறு. ஒரு மலையின் அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பகல் முழுக்க ஆனது.

எஸ்கேப் ரோட்டின் மூணாறு பக்கத்து முனை இது, லாரிக்கு முன்னாலேயே சரக்குப் போக்குவரத்து பார்த்த இடம். மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் இங்கே வந்து, கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

சாலையைத் திறக்க வேண்டும் என்று இங்கே டீக்கடையில் ஒருவர் வாதாடினார். அவர் சிரமம் எனக்குப் புரிகிறது, இன்றுதானே சுற்றி வந்தேன். ஆனாலும் அந்தச் சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே மறுபடி லாரி வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாலையை அளந்து, சுவர் சுவராகப் படம் போட்டு வைத்தால் போதும். அதையாவது சீக்கிரம் செய்ய வேண்டும். வேர் இறங்கினால் அந்தச் சுவர்கள் தாங்காது.

பிப்ரவரி 14, புதன்

டீக்கடைக்காரர் ஒரு பெரியவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். வயது எண்பத்தெட்டு, காது கொஞ்சம் மந்தம்.

“எங்கய்யா போடியிலருந்து ரோட்டு வேலைக்குத்தான் தம்பி ஏறி வந்தாரு. சண்டைக் காலம். ஆத்தாவும் ஜல்லி உடைச்சுச்சு. நான் சின்னப் பையன், பக்கத்துல உக்காந்திருப்பேன்.”

“லாரி வந்ததைப் பார்த்திருக்கீங்களா ஐயா?”

“லாரியெல்லாம் எனக்கு ஞாபகமில்ல. சத்தந்தான் ஞாபகம். காலையிலருந்து சுத்தியல் சத்தம்.”

உள்ளே போய் ஒரு இரும்பு வளையத்தை எடுத்து வந்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஜல்லி அளக்கும் வளையம். உடைத்த கல் எந்தப் பக்கம் திருப்பினாலும் இதற்குள் நுழைய வேண்டும், நுழையாததை மறுபடி உடைக்க வேண்டும். முற்றத்தில் கிடந்த கல் ஒன்றை எடுத்து நுழைத்துக் காட்டினார். நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார், அப்போதும் நுழையவில்லை. “கூலி கிடையாது” என்று கல்லைக் கீழே போட்டார்.

வளையத்தை நோட்டில் வைத்து உள்பக்கமாகப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். பக்கத்தில் தேதியும், அவர் அய்யா பெயரும், ஆத்தா பெயரும் எழுதிக்கொண்டேன்.